கோயில் வேலைக்கு ஆள் எடுத்த கதை

2025 தொடக்கத்தில் திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் நிர்வாகம் நூற்றுக்கும் மேற்பட்ட காலிப் பணியிடங்களுக்கு விண்ணப்பம் கேட்டு அறிவிப்பு வெளியிட்டது. தட்டச்சர், காவலர், பெருக்குபவர், கால்நடை பராமரிப்பவர் என்று நீண்ட அந்தப் பட்டியலில் தாளம், ஓடல், திருமஞ்சனம், முறை ஸ்தானீகம் என்ற வழிபாடு சார்ந்த பணிகளும் இருந்தன. கணினி முன்னால் உட்காரப் போகிறவரும் சுவாமிக்கு முன்னால் தாளம் தட்டப் போகிறவரும் ஒரே மாதிரி படிவத்தை நிரப்பி, ஒரே அலுவலகத்துக்கு அனுப்பி, நேர்காணல் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். அறநிலையத் துறைக் கோயில்களின் அறிவிப்புகளில் வழக்கமாக வரும் நிபந்தனைகள் நமக்குத் தெரிந்தவைதான்: இந்து மதத்தைச் சேர்ந்தவராக, இறை நம்பிக்கை உடையவராக இருக்க வேண்டும், தமிழில் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், இசைக் கலைஞர் என்றால் இசைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும்.

கோயில் வேலை என்றாலே அப்பன் செய்தான், மகன் செய்கிறான் என்ற எண்ணம் நம் ஊரில் ஊறிப்போனது. மனுப் போட்டு, ஆட்கள் முன்னால் உட்கார்ந்து, கேட்டதற்குப் பதில் சொல்லி வேலை வாங்குவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று நினைப்பவர்களும் உண்டு. கல்வெட்டுகள் அப்படிச் சொல்லவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தகுதி பார்த்து ஆள் எடுத்திருக்கிறார்கள். யாரைக் கேள்வி கேட்பது, யாரை வாசலிலேயே நிறுத்துவது என்பதில்தான் வழக்கு இருந்தது. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. அதன் கடைசி அத்தியாயங்களில் ஒன்று திருவண்ணாமலையிலேயே எழுதப்பட்டது.

முதலில் தஞ்சைக்குப் போய் வரலாம். ராஜராஜன் தன் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014 வாக்கில், பெரிய கோயிலில் திருப்பதியம் பாட ஐம்பது பேரை நியமித்தான். பாடுகிற பிடாரர்கள் 48 பேர், உடுக்கை வாசிப்பவர் ஒருவர், கொட்டி மத்தளம் வாசிப்பவர் ஒருவர். தலைக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். கூலிக் கணக்கைவிட அதற்குப் பின்னால் வரும் ஏற்பாடுதான் அரியது. இவர்களில் ஒருவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போய்விட்டாலோ, அவருக்கு நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு பாடலாம். அந்த உறவினருக்குப் பாடும் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள வேறொருவரை அவர் அமர்த்த வேண்டும். நெருங்கிய உறவே இல்லையென்றால், மற்றப் பாடகர்கள் கூடித் தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதே கோயிலில் குடியமர்த்தப்பட்ட ஆடல் மகளிரான நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கும், மற்றப் பணியாளர்களுக்கும் இதே மாதிரிதான் எழுதி வைத்தான்.

பிறப்புக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் பிறப்பு மட்டும் போதாது. மகனுக்குக் குரல் வராது, பண் தெரியாது என்றால் மகனை உட்கார வைக்க முடியாது. தகுதி உண்டா இல்லையா என்று யாரோ ஒருவர் கேட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்திருக்க வேண்டும். கூடவே பாடியும் வாசித்தும் வருகிற நாற்பத்தொன்பது பேருக்குத் தெரியாத குரல் ஏது? உள்ளூர் வித்துவான்களே தேர்வுக் குழுவாக இருந்த நாள் அது.

உத்திரமேரூர்க் குடவோலை பள்ளிக்கூடப் பாடம் ஆகிவிட்டதால் அதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் எடுக்க 919இலும் 921இலும் வெட்டிய விதிகள் அவை. வரி கட்டும் கால்வேலிக்கு மேல் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், மந்திர பிராமணம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றவருக்கு நிலத்தில் சலுகை உண்டு, அரைக்கால் வேலி இருந்தால் போதும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினர்களும் ஓலையில் பெயர் எழுதவே முடியாது. இத்தனை சல்லடைக்குப் பிறகுதான் குடத்தில் ஓலை விழும், சிறுபிள்ளை கைவிட்டு எடுக்கும். அதே நூற்றாண்டில் சீனத்தில் எழுத்துத் தேர்வு வைத்து அதிகாரிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த முறை 1905 வரை நடந்தது. அங்கே மதிப்பெண் தீர்ப்பளித்தது, இங்கே திருவுளம். ஆனால் நிலமில்லாதவனும் வேதம் படிக்க அனுமதி இல்லாதவனும் உத்திரமேரூர்க் குடத்தின் பக்கமே வர முடியவில்லை என்பதைப் பெருமை பேசும்போது நாம் மறந்துவிடுகிறோம்.

படித்து வேலைக்குத் தயாராகிறவர்களுக்கும் அந்தக் காலம் சோறு போட்டிருக்கிறது. திருவண்ணாமலைக்குக் கிழக்கே விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்ற ஊர் இருக்கிறது. முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு அங்கே இருந்த கல்லூரியின் கணக்கைத் தருகிறது. மாணவர் 340 பேர், ஆசிரியர் 14 பேர். இளைய மாணவர் 270 பேரில் ரிக் வேதத்துக்கு 75, யசுர் வேதத்துக்கு 75, ரூபாவதாரம் என்ற இலக்கண நூலுக்கு 40 என்று இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். இளையவருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல், மேல்படிப்பு மாணவருக்குக் குறுணி இருநாழி. உதவித்தொகையோடு கூடிய விடுதிப் படிப்பு இந்த மண்ணுக்குப் புதிதில்லை. அந்த 340 இடங்களும் ஒரே வருணத்தாருக்கு என்பதும் அந்த நாளின் நடைமுறைதான்.

பிறகு வந்த நூற்றாண்டுகளில் தராசு பிறப்பின் பக்கமே சாய்ந்தது. கோயில் பணி காணி ஆயிற்று; காணி சொத்து ஆயிற்று. ஒரு குடும்பம் பல கிளைகளாகப் பிரிந்தால் பூசை நாட்களையும் பிரித்துக்கொண்டார்கள். மாதத்தில் இத்தனை நாள் இன்ன வீட்டு முறை என்று பங்கு போட்டார்கள். முறைக்காரர் என்ற பெயர் இன்றும் கோயில்களில் புழங்குகிறது. 1858இல் சென்னை மாகாணத்துக்கு இனாம் கமிஷன் அமைத்த வெள்ளை அரசு, கோயில் ஊழியத்துக்கு விட்டிருந்த மானிய நிலங்களைக் கணக்கெடுத்துப் பட்டயம் கொடுத்தது. வாய்வழக்கில் இருந்த பாத்தியதைக்கு அரசாங்கக் காகிதம் கிடைத்தது. ராஜராஜன் எழுதிவைத்த தகுதி நிபந்தனை காலப்போக்கில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது.

இந்தக் குடும்பங்களின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் போன்ற பெருங்கோயிலில் நாள்தோறும் ஆறு கால பூசை நடக்கிறது. கார்த்திகைத் தீபத்தை ஒட்டிப் பத்து நாள் திருவிழா வருகிறது. இவற்றின் ஒழுங்கு எந்தப் புத்தகத்திலும் முழுமையாக இல்லை. தகப்பன் பின்னால் தூக்குச் செம்பைத் தூக்கிக்கொண்டு போன பையன், எந்தத் திரவியத்துக்குப் பின் எது, எந்த இடத்தில் மணியை நிறுத்துவது, எந்த உபசாரத்துக்கு எந்த முத்திரை என்பதைக் காதாலும் கண்ணாலும் பிடித்துக்கொள்கிறான். பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் இந்தக் கோயிலைப் பற்றிப் பல தொகுதிகளில் ஆய்வு வெளியிட்டன. கல்வெட்டுகளுக்கு ஒரு தொகுதி, சடங்குகளுக்கும் விழாக்களுக்கும் ஒன்று, கோயிலைச் சுற்றியுள்ள சமூக அமைப்புக்குத் தனியாக ஒன்று. ஒரே கோயிலின் பணிமுறையை விளக்க அத்தனை பக்கம் தேவைப்பட்டிருக்கிறது. அந்த அறிவுக்கு மரியாதை உண்டு. அதைப் பிறர் கற்றுக்கொள்ளவே முடியாது, கற்றாலும் செல்லாது என்று சொல்லும்போதுதான் சண்டை வருகிறது.

அந்தச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் பெரியார். கருவறை நுழைவுப் போராட்டத்துக்கு 1970 ஜனவரி 26 என்று அவர் நாள் குறித்தார். முதல்வர் மு. கருணாநிதி சட்டம் கொண்டுவருவதாக உறுதி சொன்னதால் போராட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 1970 டிசம்பர் 2ஆம் தேதி சட்டமன்றம் அறநிலையச் சட்டத்தைத் திருத்தி, அர்ச்சகர் பணியில் வாரிசு உரிமையை ஒழித்தது. பரம்பரை அர்ச்சகர்களும் மடாதிபதிகளும் பன்னிரண்டு மனுக்களோடு உச்ச நீதிமன்றம் போனார்கள். 1972 மார்ச் 14 அன்று சேஷம்மாள் வழக்கில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: அர்ச்சகரை நியமிப்பது மதச்சார்பற்ற செயல், அதில் வாரிசு உரிமையை நீக்கியது செல்லும், ஆனால் கோயில் வழிபாட்டு விதிநூலான ஆகமம் யாரைப் பூசை செய்யச் சொல்கிறதோ அந்தப் பிரிவைச் சேர்ந்தவரைத்தான் நியமிக்க வேண்டும். மகன் என்பதற்காக வேலை இல்லை என்று ஆயிற்று. மற்றவனுக்கு வேலை உண்டா என்பது அந்தரத்தில் நின்றது. அடுத்த ஆண்டு டிசம்பர் 24 அன்று பெரியார் மறைந்தார்.

எம்.ஜி.ஆர். ஆட்சியில் நீதிபதி மகாராஜன் குழு 1982இல் அறிக்கை தந்தது. அது பயிற்சி கொடுத்து நியமிக்கும் வழியைச் சொன்னது. அறிக்கை அலமாரிக்குப் போனது.

2006 மே 23. பதவியேற்றுச் சில நாட்களே ஆன கருணாநிதி அரசு 118ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. உரிய தகுதியும் பயிற்சியும் பெற்ற எந்த இந்துவும் கோயிலில் அர்ச்சகர் ஆகலாம். நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் குழு அமைத்துப் பாடத்திட்டம் வகுத்தார்கள். ஆறு இடங்களில் பயிற்சிப் பள்ளிகள் திறந்தார்கள்: வைணவத்துக்குத் திருவரங்கமும் சென்னைத் திருவல்லிக்கேணியும், சைவத்துக்கு மதுரை, பழநி, திருச்செந்தூர், திருவண்ணாமலை.

திருவண்ணாமலைப் பள்ளிக்கு வந்த பையன்களை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களுடைய ஊரில் அம்மனுக்கோ அய்யனாருக்கோ யாராவது உறவினர் பூசை செய்திருக்கலாம். பெருங்கோயிலின் அர்த்த மண்டபத்துக்கு அப்பால் நின்று கும்பிட்டுத்தான் பழக்கம். இங்கே முதல் பாடம் உடம்பிலிருந்து தொடங்குகிறது. விடியும் முன் குளித்து, பஞ்சகச்சம் கட்டப் பழக வேண்டும். திருநீற்றைக் குழைத்து நெற்றியிலும் மார்பிலும் கைகளிலும் மூன்று கோடாக இட வேண்டும். அபிஷேக வரிசை தட்டாமல் வர வேண்டும்: எண்ணெய், மாப்பொடி, மஞ்சள், பால், தயிர், தேன், இளநீர், திருநீறு, சந்தனம். இடக்கை மணி ஒரே சீராக ஒலிக்க, வலக்கைத் தீபம் நடுங்காமல் சுற்ற வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்காமல் வருவதற்கே நாள் பிடிக்கும். மனப்பாடம் அதற்கு மேல் கிடக்கிறது: வடமொழி மந்திரங்கள், தேவாரப் பதிகங்கள், சைவ ஆகமங்களில் காமிகம், காரணம் சொல்லும் கிரியைகள். பதினெட்டு மாதம் இது நடந்தது.

சொல்லிக்கொடுக்க ஆசிரியர் கிடைப்பதே பாடாக இருந்தது. பரம்பரைக் குடும்பத்து ஆசிரியர் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். இருந்தும் 2008இல் ஆறு பள்ளிகளிலிருந்தும் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் தேறிச் சான்றிதழ் வாங்கினார்கள்.

வேலை வரவில்லை. அரசாணையை எதிர்த்து ஆதிசைவ சிவாச்சாரியார்கள் நலச் சங்கமும் மற்றவர்களும் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தார்கள். ஆகமப்படி இன்ன மரபினர் மட்டுமே மூர்த்தியைத் தீண்டலாம், பிறர் தீண்டினால் சாந்நித்தியம் கெடும், அதைக் காப்பது எங்கள் மத உரிமை என்பது அவர்கள் வாதம். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. பயிற்சி முடித்தவர்கள் சங்கம் அமைத்தார்கள். திருவண்ணாமலைப் பள்ளியில் பயின்ற வா. ரங்கநாதன் அதன் தலைவராகி, அந்த வழக்கில் தங்கள் தரப்பையும் கேட்க வேண்டும் என்று போராடினார். வேலை கேட்டு வந்தவர் வழக்கு நடத்த நேர்ந்தது. தேறிய பையன்களில் பலர் தனியார் கோயில்களிலும் வேறு வேலைகளிலும் பிழைப்பைப் பார்த்தார்கள்.

2015 டிசம்பர் 16 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் ரஞ்சன் கோகோயும் என்.வி. ரமணாவும் அரசாணையைத் தூக்கி எறியவில்லை, முழுதாக ஏற்கவும் இல்லை. நியமனம் ஆகமப்படி இருக்க வேண்டும், ஆகம விதி அரசியல் சாசனத்துக்கு முரணாக இருக்கக் கூடாது, எந்தக் கோயிலில் எது சரி என்பதை அந்தந்த நியமனம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒரு வழக்குக்கு மாற்றாக ஒவ்வொரு நியமனமும் ஒரு வழக்காகும் வழி திறந்தது.

2018இல் மதுரை தல்லாகுளம் ஐயப்பன் கோயிலில் ஒருவருக்கும், 2020இல் நாகமலை சித்தி விநாயகர் கோயிலில் இன்னொருவருக்கும் வேலை கிடைத்தது. சிறிய கோயில்கள்தான். 2020இல் வந்த புதிய பணி விதிகள் அர்ச்சகருக்கு ஓராண்டுப் பயிற்சிச் சான்றும், 18 முதல் 35 வரை வயதும் வேண்டும் என்றன. 2008இல் 25 வயதில் சான்றிதழ் வாங்கியவருக்கு அப்போது 37.

2021 ஆகஸ்ட் 14, மு.க. ஸ்டாலின் அரசின் நூறாவது நாளையொட்டிச் சென்னையில் நடந்த விழாவில் 58 பேருக்கு அர்ச்சகர் பணி ஆணை வழங்கினார்கள். அவர்களில் அரசுப் பயிற்சிப் பள்ளிகளில் படித்தவர் 24 பேர். மற்ற 34 பேர் வேறு பாடசாலைகளில் படித்தவர்கள். சான்றிதழ் வாங்கிப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வந்த ஆணை அது. சோழர் காலப் பாடகர் ஒருவரின் இடம் காலியானால் அடுத்தவர் யார் என்று கல்லிலேயே விடை இருந்தது. இவர்களுக்கு அது இல்லை. ஆணை வாங்கிய பிறகும் கேள்வி விடவில்லை. திருச்சி வயலூர் முருகன் கோயில் நியமனங்கள் நீதிமன்றம் ஏறின.

2022 ஆகஸ்ட் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் 2020 விதிகள் செல்லும் என்று சொல்லி, ஆகமக் கோயில்களுக்கு ஆகமப்படியே நியமனம் என்று விலக்கும் அளித்தது. எவை ஆகமக் கோயில்கள் என்று கண்டறிய நீதிபதி எம். சொக்கலிங்கம் தலைமையில் குழு அமைக்கவும் சொன்னது. 2023 ஜூன் 26 அன்று சேலம் சுகவனேசுவரர் கோயில் வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஆகமத்தில் தேர்ச்சியும் பூசை செய்யும் திறமும் இருந்தால் போதும், சாதி வழிப் பரம்பரைக்கு நியமனத்தில் இடமில்லை என்றார். ராஜராஜன் பாதி தூரம் வந்து நின்ற இடத்தை ஒரு தனி நீதிபதி தாண்டினார் என்றே சொல்ல வேண்டும். அந்த செப்டம்பரில் திருவரங்கம் பள்ளியில் படித்த மூன்று பெண்கள் பயிற்சிச் சான்றிதழ் பெற்றார்கள். அதே மாதம் 25ஆம் தேதி, ஆகமக் கோயில் நியமனங்களில் இருக்கிற நிலையே தொடரட்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இவ்வளவு நடந்தும் தேர்வு நடக்கும் அறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வழக்குகள் எல்லாம் யாரை உள்ளே விடுவது என்பதைப் பற்றியவை. உள்ளே வந்தவரிடம் என்ன கேட்டார்கள், எதற்கு எத்தனை மதிப்பெண் போட்டார்கள், ஏன் வேண்டாம் என்றார்கள் என்பது விண்ணப்பித்தவர் கைக்கு எழுத்தில் வர வேண்டும். மந்திர உச்சரிப்பா, கிரியை வரிசையா, ஆகம அறிவா, எதில் குறை என்று தெரிந்தால்தான் அடுத்த முறை திருத்திக்கொண்டு வர முடியும். பரம்பரைக் குடும்பத்துப் பிள்ளைக்கும் பயிற்சிப் பள்ளிப் பிள்ளைக்கும் ஒரே கேள்வித்தாள் என்றால் இரு தரப்புக்கும் அது பாதுகாப்பு. தேர்வுக் குழுவில் கோயில் அலுவலர் மட்டும் போதாது. மணியின் தாளம் தப்பினால் காது கூசுகிற மூத்த அர்ச்சகரும், பண் தெரிந்த ஓதுவாரும் உட்கார வேண்டும். 2008இல் திருவண்ணாமலையிலும் மற்ற ஐந்து பள்ளிகளிலும் தேறி, இன்னும் ஆணை வராத எஞ்சியவர்களுக்கு வழக்கு தின்ற ஆண்டுகளை வயதுக் கணக்கிலிருந்து கழித்துக் கொடுக்க வேண்டும். அது சலுகை ஆகாது. படிக்க அழைத்ததும் அரசு, சான்றிதழ் கொடுத்ததும் அரசு. வயது வரம்பு போட்டதும் அதே அரசுதான்.